சென்னைப் பூங்காக்களில் வாண்டுகளோடு: எது சொதப்பும், ஏன்?

மயிலை நடையாளி:
லீவு வருகிறது. எந்தப் பூங்கா நல்லது என்ற பட்டியல் வேண்டாம். அது எங்கும் கிடைக்கும். போன இடத்தில் எது எதிர்ப்படும், என்ன செய்யலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

முதலில் நாள், நேரம். கிண்டி சிறுவர் பூங்கா, அதை ஒட்டிய பாம்புப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா மூன்றுக்கும் செவ்வாய் விடுமுறை. ஈசிஆர் முதலைப் பண்ணைக்குத் திங்கள். மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றை முன்பு நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள், திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா மாதிரி மரம் அடர்ந்த இடம் என்றாலும் ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்குமேல் சின்னக் குழந்தைகளை அங்கே வைத்திருக்காதீர்கள். பாத்ரூம் திறந்திருக்கும் என்று நம்பவும் வேண்டாம். வீட்டிலேயே போகச் சொல்லிக் கிளம்புங்கள்.

அடையாறு பிசியோ:
சறுக்குமரத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அதிகம் அடிபடுவது கீழே விழும் குழந்தைதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒன்றரை, இரண்டு வயசுக் குழந்தைக்குக் கால் எலும்பு விரிசல் விட இன்னொரு வழி இருக்கிறது: அப்பாவோ அம்மாவோ மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவது. குழந்தையின் ஷூ ரப்பர் பக்கச் சுவரிலோ தகட்டிலோ ஒட்டி நின்றுவிடும். தனியாகச் சறுக்கினால் குழந்தையும் அங்கேயே நின்றுவிடும், அவ்வளவுதான். மடியில் இருக்கும்போது பெரியவரின் 60, 70 கிலோ எடை நிற்காமல் கீழே இழுக்கும். கால் மட்டும் பின்னால் முறுக்கிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு போய்விடும். வீக்கம் பெரிதாக இருக்காது. குழந்தை அந்தக் காலை ஊன்ற மறுக்கும், தூக்கச் சொல்லும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல்கூடப் போகலாம், அதனால் "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடாமல் மறுபடி காட்டுங்கள். தனியாகச் சறுக்க முடியாத வயசு என்றால் அந்தச் சறுக்கு அந்தக் குழந்தைக்கு இல்லை. பாதி உயரத்தில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்று இடுப்பைப் பிடித்து இறக்குங்கள்.

அடுத்தது சூடு. தகடு மட்டுமில்லை, வெயில் பட்ட பிளாஸ்டிக் சறுக்கும் ரப்பர் தரையும் சுடும். உள்ளங்கை தோல் தடிப்பு, அது ஏமாற்றும். புறங்கையை 5 நொடி வைத்துப் பாருங்கள். எடுத்துவிடத் தோன்றினால் குழந்தையை ஏற்றாதீர்கள். மேற்கே பார்த்த சறுக்கு மாலை 5 மணிக்கும் ஆறாது.

கே.கே.நகர் பாட்டி:
பிசியோ சொன்னது நூத்துக்கு நூறு. ஊஞ்சலையும் சேத்துக்கோங்க. ஏத்தறதுக்கு முன்னாடி மேல சங்கிலி மாட்டியிருக்கற கொக்கியப் பாருங்க. தேஞ்சு வாய் திறந்திருந்தா வேண்டாம். காலத் தேச்சுத் தேச்சு அடியில குழி விழுந்திருக்கும். மழைக்காலத்துல அதுல தண்ணி நின்னா கொசு. பெண் குழந்தைக்கு துப்பட்டா, நீளமான நாடா வெச்ச சட்டை போட்டு அனுப்பாதீங்க. ஒரு குழந்தை ஆடறப்ப அடுத்தது பின்னால ஓடிடும், பெரியவங்க நிக்க வேண்டிய இடம் அந்தப் பின்பக்கம்தான். எல்லாரும் முன்னால நின்னு போட்டோ எடுக்கறாங்க!

அப்புறம் கம்பளிப்பூச்சி. மேல பட்டுடுச்சுன்னா தேய்க்கக் கூடாது, ரோமம் உள்ள இறங்கும். செலோ டேப்ப ஒட்டி ஒட்டி எடுங்க, ஒவ்வொரு தடவையும் புது டேப். பிறகு சோப்பு போட்டுக் கழுவிட்டு சட்டைய மாத்துங்க. கண்ணுல பட்டா தண்ணி விட்டு அலசி நேரா ஆஸ்பத்திரி.

கிண்டி வனவாசி:
கிண்டியில் குரங்கு பார்ப்பது குழந்தையை அல்ல, கையில் சரசரக்கும் கவரை. தின்பண்டத்தை ஜிப் வைத்த பைக்குள் போட்டு முதுகில் மாட்டாமல் முன்பக்கம் மாட்டுங்கள். குரங்கு பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் நகம் படும். கண்ணை உற்றுப் பார்ப்பதும் பல்லைக் காட்டுவதும் அதற்குச் சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி. இதைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஏனென்றால் குரங்கைப் பார்த்தால் குழந்தை சிரிக்கத்தான் செய்யும்.

கீறல் பட்டுவிட்டால், குரங்கோ தெருநாயோ, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் கூடாது, கட்டும் போடக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ரேபிஸ் தடுப்பூசி இலவசம். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனே பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள் மருந்து) போட வேண்டுமா என்று கேளுங்கள். அடுத்தடுத்த ஊசித் தேதிகளைச் சீட்டில் எழுதித் தருவார்கள், ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

டிபன்பாக்ஸ்:
சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. புளிசாதம், எலுமிச்சைச் சாதம் தாங்கும். தயிர்சாதம் கொண்டுபோனால் சாதத்தைப் பால் விட்டுப் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேருங்கள், மதியத்துக்குள் தானே தோயும். முழுக்கத் தயிர் விட்டால் 11 மணிக்கே புளிப்பு. அஞ்சு வயசுக் குழந்தைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் எடுங்கள். கேட்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ரெண்டு மடக்கு கொடுங்கள். விளையாட்டு மும்முரத்தில் அதுகளுக்குத் தாகம் தெரியாது.

பெசன்ட் நகர் கரைவாசி:
பூங்கா இல்லை, ஆனாலும் சொல்கிறேன். மார்ச், ஏப்ரல் மாலைகளில் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வாருங்கள். பொரிப்பகத்தில் (முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்கவிடும் இடம்) ஆமை முட்டைகள் பொரிந்த நாளில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். இன்றைக்கு உண்டா என்பது முட்டை பொரிவதைப் பொறுத்தது, அதனால் குழந்தையிடம் "கட்டாயம் பார்க்கலாம்" என்று சொல்லிக் கூட்டிவராதீர்கள். கயிற்றுக்குப் பின்னால் நில்லுங்கள், தொடாதீர்கள், போன் விளக்கும் ப்ளாஷும் வேண்டாம். குஞ்சு வெளிச்சத்தை நோக்கித் திரும்பிவிடும். மனிதர் கால் தடமே அதற்குப் பள்ளம், விழுந்து மல்லாந்துவிடும். அதனால் அந்தப் பாதையில் யாரும் நடக்கக் கூடாது.

அலையில் கால் நனைக்க விட்டால் கையைப் பிடித்தபடியே நில்லுங்கள். திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், கணுக்கால் தண்ணீரிலேயே குழந்தை சாய்ந்துவிடும்.

கே.கே.நகர் பாட்டி:
திரும்பறப்ப கால்ல ஒட்டின மணலுக்குத் தண்ணி ஊத்தாதீங்க, இன்னும் அப்பிக்கும். காஞ்சதும் கொஞ்சம் பவுடர் தூவித் தட்டுங்க, உதிர்ந்துடும். ஆட்டோக்காரரும் திட்ட மாட்டார்.