அக்கி ஆறிய பின்னும் தொடரும் நரம்பு வலியைத் தடுக்க முடியுமா?

கேள்வி:
என் தாயாருக்கு 71 வயது. நேற்று முன்தினம் இரவு இடது விலா தீப்பட்டது போல் எரிகிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துவிட்டேன். இன்று காலை முதுகிலிருந்து மார்பு வரை ஒரே பக்கமாக நீர்க் கொப்புளங்கள். மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்கு அழைத்துச் சென்று, கொப்புளத்தின் மேல் செங்காவி பூசி அக்கி எழுதி வரலாம் என்கிறார் அத்தை. பெரியப்பாவுக்கு அக்கி ஆறி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் சட்டை உரசினாலே துடித்ததைப் பார்த்தவன் என்பதால் அஞ்சுகிறேன்.

மறுமொழி 1:
இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவதே நல்லது. வாலசைக்ளோவிர் என்றால் நாளுக்கு 3 வேளை, அசைக்ளோவிர் என்றால் 5 வேளை. முதியவர்கள் ஐந்தில் ஒன்றை மறந்துவிடுவார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தால் கையோடு கொண்டு செல்லுங்கள். இம்மாத்திரை கொப்புளத்தை விரைவில் ஆற்றித் தொடக்க வலியைத் தணிக்கும். நீடித்த வலியை நிச்சயமாகத் தடுக்கும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஸ்டீராய்டும் அதைத் தடுப்பதில்லை. ஆனாலும் தொடக்கத்தில் வலி கடுமையாக இருப்பவர்களுக்கே அது பின்னர் நிலைத்துவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால், வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண் மருத்துவரையும் உடனே பார்க்க வேண்டும்.

மறுமொழி 2:
என் தந்தைக்கு மூன்று நாள் அக்கி எழுதினோம். செங்காவி எரிச்சலுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது; ஆனால் அக்கிக்குக் காரணமான, நரம்புக்குள் இருக்கும் சின்னம்மை வைரஸை அது தொடாது. கொப்புளங்கள் சில வாரங்களில் தாமாகவே காய்ந்துவிடுவதால் பெயர் காவிக்குப் போய்விடுகிறது. மூன்று மாதம் கடந்தும் வலி நிற்காமல், நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். அது தலைசுற்ற வைக்கும். இரவில் கழிப்பறைக்குத் தனியே அனுப்பாதீர்கள்.

மறுமொழி 3:
உறுதியான தடுப்பு, நோய் வருமுன் போடும் தடுப்பூசியே. ஷிங்கிரிக்ஸ் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை. 70 வயதைக் கடந்தோரிடையே நீடித்த நரம்பு வலியை ஏறத்தாழ 89 விழுக்காடு குறைத்ததாகப் பெரிய ஆய்வுகள் காட்டின. விலைதான் கையைக் கடிக்கும். உங்கள் தாயாருக்கு இப்போது போடக் கூடாது. முழுதும் ஆறிய பின் மருத்துவரிடம் கேளுங்கள். அத்தைக்கு இப்போதே கேட்கலாம்.

கேட்டவர்:
நன்றி. மாலை நான்கு மணிக்கு முதல் மாத்திரை கொடுத்துவிட்டோம். அத்தை காவி வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறார். தடுப்பூசியின் விலையையும் கேட்டார்.