2,000 மீட்டர் உயரத்தில் மாற்றியமைத்த செயின்சாவை நம்பலாமா?

கோத்தகிரி ஒப்பந்ததாரர்:
நீலகிரியில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வெட்டுகிறவர்கள், 70 சிசி செயின்சாவிலும் பலம் போதவில்லை என்று குறைபடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டியே இருப்பதால் சிலிண்டருக்குள் போகும் காற்று குறைந்து, இயந்திரத்தின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதை மீட்பதற்காகச் சைலன்சரின் வாயை அகலப்படுத்துவதும், சிலிண்டருக்கு அடியிலுள்ள கேஸ்கெட் என்ற மெல்லிய அடைப்புத் தகட்டை நீக்கி அழுத்தத்தைக் கூட்டுவதும், சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளைகளான போர்ட்டுகளைத் தேய்த்து விரிப்பதும் நியாயமான வழிகள் என்பது என் நிலைப்பாடு. அளந்து செய்தால் இயந்திரத்தின் ஆயுள் குறைவதில்லை.

கொடைக்கானல் மெக்கானிக்:
ஐயா, காற்று குறைகிறது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. ஆனால் காற்று குறையும்போது கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. அதனால் கலவையில் பெட்ரோல் மிகுந்து, பிளக் கருத்து, இயந்திரம் திணறுகிறது. பலமில்லை என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை, உச்ச வேகத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் எச் (H) திருகை உயரத்திற்கேற்பச் சற்று உள்ளே திருப்பி, ஏர் ஃபில்டரைக் கழுவி, செயினை ஒழுங்காகத் தீட்டியதும் சரியாகிவிடுகின்றன. காற்றில் இழந்ததை இது மீட்காது. திணறலால் இழந்ததை மீட்கும், வேலைக்கு அது போதும்.

கேஸ்கெட்டை நீக்குவதில் எனக்குப் பெரிய அச்சம் உண்டு. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே சுமார் அரை மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை விட்டு நசுக்கி அளந்தால்தான் அது தெரியும். சிலிண்டர் கீழே இறங்குவதால் போர்ட்டுகள் திறந்து மூடும் நேரமும் மாறிவிடும். புகை வெளியேறும் போர்ட்டின் அகலம் சிலிண்டர் விட்டத்தில் பத்தில் ஏழு பங்கைத் தாண்டினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதில் சிக்கி உடையும் ஆபத்து உண்டு. நம் மலைகளில் இத்தனையையும் அளந்து செய்யும் பட்டறைகள் எத்தனை என்று நீங்களே சொல்லுங்கள்.

கோத்தகிரி ஒப்பந்ததாரர்:
கைதேர்ந்தவர்கள் குறைவு என்பது உண்மை; அது செய்கிறவரின் குறையே தவிர செய்முறையின் குறை ஆகாது. சைலன்சரை மட்டும் திறந்து, அதற்கேற்ப எச் திருகை வெளியே திருப்பிப் பெட்ரோலைக் கூட்டினால், புகை தடையின்றி வெளியேறி, பருத்த அடிமரத்தை வெட்டும்போது இயந்திரம் சூடேறித் தளர்வது குறைகிறது. இதில் ரிங்குக்கு என்ன கேடு?

கூடலூர் எஸ்டேட் மேற்பார்வையாளர்:
உயரம் மாறுவதை இருவரும் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் ஆட்கள் ஊட்டியில் சீகை மரம் வெட்டிவிட்டு, அதே செயின்சாவுடன் 1,000 மீட்டரை ஒட்டிய கூடலூருக்கு இறங்கி, தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கின் கிளைகளைக் கழிக்கிறார்கள். மேலே பெட்ரோலைக் குறைத்து வைத்த இயந்திரம் கீழே வந்ததும் காற்று மிகுந்து பெட்ரோல் போதாமல் காய்ந்து ஓடும். பெட்ரோலோடுதான் உராய்வைக் குறைக்கும் 2டி ஆயிலும் உள்ளே போகிறது என்பதால், பிஸ்டன் சூடேறுவதோடு வழவழப்பும் இழந்து, சிலிண்டரில் இறுகிச் சிக்கிச் சீஸ் ஆகிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதுவும் கலவையை இதே திசையில் தள்ளுகிறது. பல செயின்சா கையேடுகள் 10 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. மாற்றாத இயந்திரம் இந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு தாங்கும். உச்ச வேகத்திற்கென இழுத்துக் கட்டிய இயந்திரத்தில் அந்த இடம் மிகக் குறைவு.

மரமேறும் தொழிலாளி:
கயிற்றில் தொங்கிக் கிளை வெட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சைலன்சரைத் திறந்த செயின்சாவின் சத்தத்தில், கீழே கயிறு பிடிக்கும் அண்ணன் "நிறுத்து" என்று கத்துவது எனக்குக் கேட்பதில்லை. தீப்பொறியைத் தடுக்கும் கம்பிவலையையும் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மாசி, பங்குனியில் காய்ந்த பைன் ஊசிகளின் மேல் அதை இயக்குவது காட்டுத்தீக்கு வழி திறப்பதாகும். மரத்தின் மேல் பயன்படுத்தும் சிறிய செயின்சாவில் யாரும் கை வைக்க வேண்டாம். அங்கே எனக்கு வேண்டியது, ஒரே இழுப்பில் உயிர்பெறுவதும் ஆக்சிலேட்டரை விட்டவுடன் செயின் நிற்பதுமே.

கோத்தகிரி ஒப்பந்ததாரர்:
தம்பி சொல்வதை ஏற்கிறேன். மேலே ஏறும் செயின்சாவை நான் விட்டுவிடுகிறேன். தரையில் நின்று பெருமரம் வெட்டும் இயந்திரத்தில், கம்பிவலையை அப்படியே வைத்துச் சைலன்சரை விரிப்பதையும், ஒவ்வொரு ஊருக்கும் போனதும் கார்புரேட்டரை மறுபடி சரிசெய்வதையும் கைவிடுவதாக இல்லை. உயரத்திற்கேற்பக் கலவையைத் தானே சரிசெய்யும் மின்னணுக் கார்புரேட்டர் உள்ள செயின்சாக்களும் வந்துவிட்டன. கூடலூர்க்காரரின் கவலைக்கு அவை பெருமளவு விடையாகும்.

கொடைக்கானல் மெக்கானிக்:
சைலன்சர் வரை நானும் உடன்படுகிறேன். சிலிண்டரையும் போர்ட்டையும் தேய்ப்பதை இன்னும் ஏற்க முடியவில்லை. ஒரு கட்டையை எத்தனை நொடியில் அறுக்கிறது என்பதை எனக்குக் காட்ட வேண்டாம், ஐயா. ஒரு பருவம் முழுவதும் ஊட்டிக்கும் கூடலூருக்கும் மாறி மாறி உழைத்த பிறகு சைலன்சரைக் கழற்றி, போர்ட் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டைக் காட்டுங்கள். அங்கே கீறல் இல்லையென்றால் மேற்கொண்டு பேசுவோம்.