குரல் உடைந்த வயதில் தொடங்கிய பழக்கம் இன்னும் போகவில்லை

தாழ்குரல்:
எட்டாம் வகுப்பில் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது என் குரல் நடுவில் உடைந்து கீச்சிட்டது. வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு உரக்கப் பேசுவதையே விட்டுவிட்டேன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். குரல் எப்போதோ கனத்து நிலைபெற்றுவிட்டது. ஆனாலும் அலுவலகக் கூட்டத்தில் வாய் திறக்குமுன் தொண்டையைச் செருமுகிறேன். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. தொலைபேசியில் "கேட்கவில்லை, சற்று உரக்கச் சொல்லுங்கள்" என்கிறார்கள். இப்போது என் மகனுக்குக் குரல் உடைகிறது. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் அசைக்கிறான். அவனைப் பார்க்கையில் மனம் பதைக்கிறது. காரணம் போன பிறகும் பழக்கம் ஏன் தங்கிவிடுகிறது?

மழைக்குருவி:
எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற வளரிளம் பருவத்து உணர்வுக்கு, உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயர் வைத்தார். வயது ஏற ஏற அந்தப் பார்வையாளர்கள் கலைந்துவிடுவார்கள். தப்பித்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழி மட்டும் நின்றுவிடும். நீங்கள் தாழப் பேசுகிறீர்கள், யாரும் சிரிப்பதில்லை; தாழப் பேசியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. உரக்கப் பேசினாலும் சிரிக்கமாட்டார்கள் என்பது அதற்குத் தெரியவர வாய்ப்பே கிடைப்பதில்லை. பிறர் முன் பேசவும் பழகவும் கூசும் சமூக அச்சத்தைப் பற்றி 1995இல் எழுதிய உளவியலாளர்கள் கிளார்க், வெல்ஸ் இருவரும் இதைப் 'பாதுகாப்பு நடத்தை' என்றார்கள். கொடுமை என்னவென்றால், குரல் தாழ்ந்தால் எல்லோரும் உங்கள் பக்கம் சாய்ந்து முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள். எதற்கு அஞ்சினீர்களோ அதையே அது அழைத்து வருகிறது.

நெட்டைப்பனை:
எல்லாவற்றையும் உதற வேண்டியதில்லை, அண்ணா. வகுப்பிலேயே உயரமான பெண்ணாக இருந்ததால் நான் கூனி நடந்தேன். அந்தப் பழக்கத்தை விடுவதற்குப் பெரும்பாடு பட்டேன், விட்டது நல்லது. ஆனால் பேசுமுன் யோசிப்பது நல்ல குணம், வைத்துக்கொள்ளுங்கள். செருமுவதை முதலில் விடுங்கள். அடிக்கடி செருமினால் குரல்நாண்கள் உரசி எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு வாய் தண்ணீர் போதும்.

தாழ்குரல்:
நன்றி. என்னைவிட மகனை நினைத்தே கேட்டேன். "உன்னை யாரும் கவனிக்கவில்லை" என்று அவனிடம் சொல்லலாமா?

ஆற்றுமணல்:
சொல்லாதீர்கள். 2000இல் வெளிவந்த கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், கூச்சம் தரும் படம் போட்ட டி-சர்ட்டோடு மாணவர்களை ஒவ்வொருவராக, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்பங்கு அளவுதான். ஆனால் அந்தக் கால்பங்கு இருக்கிறதே! உங்கள் வகுப்பும் உண்மையாகவே சிரித்ததல்லவா? அவன் கண்ணால் கண்டதை நீங்கள் மறுத்தால் உங்களிடம் பேசுவதையும் குறைத்துக்கொள்வான். குரல்வளை வளர்கிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, அதுவரை குரல் வழுக்கத்தான் செய்யும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். வழுக்கும்போது வீட்டில் யாரும் சிரிக்காமல், அவன் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருங்கள்.