பூங்கா இடத்தை வணிக மனையாக மாற்றிவிட்டார்கள். நகரமன்றத்திடம் எதைக் கேட்பது?

வேப்பமரத்தடி கேட்டது:
எங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று பச்சையில் காட்டியிருந்த இடம் இப்போது ‘வணிகம்’. அளக்க ஆட்கள் வந்தபோதுதான் எங்களுக்கே தெரியும். கூட்டக் குறிப்பைத் தேடி எடுத்தால் ஒரே வரி: “நிலப் பயன்பாட்டு மாற்றம், விவாதமின்றி ஏற்கப்பட்டது.” அலுவலகத்தில் கேட்டால், “அறிவிப்பு போட்டோமே, நீங்கள் பார்க்கவில்லையா?” என்கிறார்கள். ஏன் மாற்றினீர்கள் என்று கடிதம் எழுதினோம், பதிலே இல்லை. அடுத்து என்ன செய்யலாம்?

தெற்குவீதி:
நேராகக் கோர்ட்டுக்குப் போங்கள். இவர்களிடம் கடிதம் எழுதிப் பிரயோஜனம் இல்லை.

பழைய எழுத்தர்:
கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான், சார். நான் ஒரு மன்றத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையில் இருந்தவன். “ஏன்” என்று கேட்டால் யாரும் பதில் எழுத மாட்டார்கள். எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரியும். இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள். மாற்றம் கேட்டு விண்ணப்பித்தவர் யார், எந்தத் தேதியில்? திட்ட அலுவலர் என்ன குறிப்பு எழுதினார்? இடத்தைப் போய்ப் பார்த்த அறிக்கை இருக்கிறதா? அறிவிப்பு எந்த நாளில், எங்கே வந்தது? வந்த ஆட்சேபங்களை என்ன செய்தார்கள்?

எல்லாம் கிடைத்ததும் தேதிகளை வரிசையாக எழுதுங்கள். ஆட்சேபம் சொல்லக் கொடுத்த அவகாசம் முடியும் முன்பே ‘ஒப்புதல் அளிக்கலாம்’ என்ற குறிப்பு தயாராகியிருந்தால், கேட்டது வெறும் சடங்கு. என் அனுபவத்தில் கோப்பின் ஓட்டை பெரும்பாலும் தேதியில்தான் தெரியும்.

‘விவாதமின்றி’ என்பது எப்படி நடக்கிறது தெரியுமா? தெருவிளக்குப் பழுது, வாகன வாடகை மாதிரி சின்ன விஷயங்களை ஒரு கட்டாக வைத்து ஒரே கையுயர்த்தலில் முடிப்பார்கள். நில விஷயமும் அந்தக் கட்டில் நுழைந்துவிடும். அந்தப் பொருளைத் தனியாக எடுங்கள் என்று ஒரு உறுப்பினர் எழுந்து சொன்னால் பல மன்றங்களில் எடுத்தே ஆக வேண்டும். உங்கள் உறுப்பினர் அன்று வந்திருந்தாரா? வருகைப் பதிவையும் கேளுங்கள். அவருக்குச் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

கடல்காற்று:
எங்கள் ஊரில் இதையெல்லாம் மூடிய கூட்டத்தில் முடித்துவிட்டு ‘ரகசியம்’ என்கிறார்களே?

பழைய எழுத்தர்:
எந்த நாடு என்பதைப் பொறுத்தது. உள்ளாட்சி மன்றக் கூட்டங்கள் மக்கள் முன் திறந்து நடக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியாவின் 1953ஆம் ஆண்டு பிரவுன் சட்டம். அதில், மன்றம் ஒரு நிலத்தை வாங்கவோ விற்கவோ பேரம் பேசும்போது விலையையும் பணம் தரும் முறையையும் மட்டும் உள்ளே பேசலாம். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்டிவிட வேண்டும். பேரத்துக்கு ரகசியம் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். பூங்காவைக் கடையாக்குவதில் என்ன பேரம்?

சட்டம் படிக்கிறவள்:
“உங்களுக்கு என்ன பாதிப்பு, நீங்கள் யார் கேட்க?” என்று கேட்டால் 1991இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்ன முத்தப்பா வழக்குத் தீர்ப்பைக் காட்டுங்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அந்தப் பகுதிவாசிகளே வழக்குப் போட்டார்கள். முதலில் தனி நீதிபதியிடம் தோற்றார்கள், அப்புறம் உயர் நீதிமன்ற அமர்வில் ஜெயித்தார்கள். உச்ச நீதிமன்றமும் ஒதுக்கீடு செல்லாது என்றது. குடியிருப்பவர்களுக்கு வழக்குப் போட உரிமை உண்டு என்பதும் அதில் இருக்கிறது. மருத்துவமனைக்கே அந்தக் கதி.

வேப்பமரத்தடி:
நன்றி. நாங்கள் இருப்பது இந்தியாவில்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் நகல் மட்டும்தான் தருவார்களா, கோப்பையே பார்க்க முடியுமா?

பழைய எழுத்தர்:
பார்க்கலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் கோப்பை நேரில் பார்வையிடுவதும் உரிமைதான், மனுவில் அதைத் தனியாக எழுதுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. வந்த, போன கடிதங்கள் இருக்கும் ‘நடப்புக் கோப்பு’ மட்டும் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். ‘குறிப்புக் கோப்பும்’ வேண்டும் என்று சொல்லுங்கள், அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது அதில்தான் இருக்கும். போகும்போது இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் பக்க எண்ணைக் குறிக்கட்டும். அந்தப் பக்கங்களுக்கு மட்டும் நகல் வாங்கினால் போதும்.