அணில் குட்டிக்கு எடை ஏறவில்லை, பால் அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

இடம் கொக்குவில். போன கிழமை பக்கத்து வளவில் ஓலை வெட்டியபோது கூட்டோடு விழுந்த குட்டி. தாய் வந்து தூக்கும் என்று பொழுதுபடும்வரை மரத்தடியிலேயே வைத்துப் பார்த்தோம், வரவில்லை. முதுகில் மூன்று வரி தெரிகிறது, கண் திறக்கவில்லை. நகைத் தராசில் 18 கிராம். வளர்ந்த அணிலே ஏறத்தாழ 100 கிராம்தான், சரி. ஆனால் இது அந்த 18ஐ விட்டு அசையவில்லை.

பசுப்பால் வயிற்றோட்டம் தரும் என்பதால் தொடவில்லை. நாய்க்குட்டிப் பால்மாவைச் சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறோம். முன்கால் இரண்டாலும் சிரிஞ்சைக் கட்டிப்பிடித்தபடியே தூங்கிவிடும், கள்ளன்! சுடுதண்ணீர்ப் போத்தல் சூடும் உண்டு. ஈரப் பஞ்சால் துடைத்தால் சிறுநீர் போகிறது; வயிறுதான் உப்பியிருக்கிறது. அருகிலுள்ள மிருக வைத்தியர் ஆடு மாடு மட்டும்தான் பார்ப்பாராம்.

இந்த எடைக்கு ஒரு வேளைக்கு எத்தனை மில்லிலீற்றர் கொடுக்கலாம்?