2024-இல் மனதை விட்டுப் போகாத படமும் நடிப்பும்: எங்கே, யாரோடு பார்த்தீர்கள்?

மடுவத்துக்காரன், கொட்டகலை:

முதல் பத்து, தரவரிசை எல்லாம் வேண்டாம். 2024-இல் பார்த்ததில் எது மனதிலேயே நிற்கிறது, பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு மாரி செல்வராஜின் 'வாழை'. இங்கே இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்து அம்மாவோடு பார்த்தேன். அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். படம் போட்டால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார். அன்று தூங்கவில்லை. வாழைத்தார் சுமக்கப் போகமாட்டேன் என்று படத்தில் வரும் சிறுவன் சிவனைந்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போது, "எங்கண்ணன் மகன் மாதிரியே முழிக்கிறான் பாரு" என்றார். தாருக்கு ஒரு ரூபாய் போதாது, இரண்டு வேண்டும் என்று தார் சுமக்கிற கனி மல்லுக்கு நிற்கிற இடத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டுப் பேச்சும் அதுதானே! மே தினத்தன்று இதே கொட்டகலையில் நாள் சம்பளம் 1700 ரூபாய் என்று அறிவித்தார்கள். செப்டெம்பரில் 1350-இல் வந்து நின்றது. அதுவும் முழுப் பேர், அதாவது முழுநாள் வேலைக் கணக்கு, விழுந்தால்தான். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று தராசில் எடையை வெட்டுவது தனிக்கதை.

கடைசியில், பசி தாங்காமல் பிள்ளை இழவு வீட்டிலேயே சோற்றைத் தேடிப் போகிறானே, அங்கே அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து கேட்டார்: "சாப்பிட்டானா இல்லையா, அத மட்டும் சொல்லு." எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வருடத்தின் நடிப்பு என்றால் சிவனைந்தானாக வரும் அந்தப் பையன் பொன்வேல்தான். வேறு பெயர் யோசிக்கவில்லை.

லிந்துலை லெக் ஸ்பின்:

அண்ணே, எடுத்த எடுப்பிலேயே அழ வைக்கிறீர்கள். நான் கிரிக்கெட் படமான 'லப்பர் பந்து'க் கட்சி.

எங்கள் தோட்டப் பிரிவின் (டிவிசன்) கிரவுண்டில் லெக் சைடு முழுக்கப் பள்ளம். அந்தப் பக்கம் தூக்கி அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும். அடித்தவன் அவுட், தேடி எடுத்து வர வேண்டியதும் அவனே. அதனால் எங்கள் தோட்டத்தில் பிறந்தவன் எல்லாம் ஆஃப் சைடு ஆட்டக்காரன். இந்தச் சட்டதிட்டம் தெரிந்தவனுக்கு அந்தப் படம் சொந்தக் கதை. ஆளின் சாதியைப் பார்த்து அணியில் சேர்க்காமல் விடுவது உட்பட.

எல்லோரும் 'அட்டகத்தி' தினேஷைச் சொல்வார்கள். விஜயகாந்த் பாட்டு ஒலிக்க, அவர் நடித்த 'கெத்து' என்கிற பாத்திரம் மட்டையோடு வரும்போது நானும் விசிலடித்தேன். ஆனால் என் தெரிவு, கெத்துவின் மனைவியாக வரும் சுவாசிகா. புருஷன் மறுபடி ஆடப் போய்விட்டான் என்று தெரிந்ததும் டிராக்டரை ஓட்டி வந்து கிரவுண்டையே உழுகிற யசோதை! நான் பார்த்தது மனைவியோடு. அந்தக் காட்சியில் அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. நல்லவேளை, எங்கள் தோட்டத்து டிராக்டர் தோட்டத்துரையின் (மேலாளரின்) கையில் இருக்கிறது.

பசறை டீச்சர்:

நம் மலைநாட்டிலேயே நடக்கிற கதை ஒன்று இருக்க யாரும் சொல்லவில்லையே. பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்'. 2023-இல் தென் கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது வாங்கியது, இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது 2024 ஜூனில். 2022 பொருளாதார நெருக்கடிக் காலத்தில் இராமாயண இடங்களைப் பார்க்க வரும் கேரளத் தம்பதி. அவர்களுடைய பொருட்கள் திருடு போகின்றன. பொலிஸ் பிடித்து வந்து அடிப்பது யாரை? தோட்டத்துத் தமிழ்ப் பையன்களை.

என் தம்பி, நுவரெலியாவை அடுத்த சீத்தா எலிய பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வேன் ஓட்டுகிறவன். 2022-இல் டீசல் வரிசையில் வேனுக்குள்ளேயே படுத்துக் கிடந்தவன். வழிகாட்டி அன்ட்ரூவாக ஷியாம் பெர்னாண்டோ வரும்போதெல்லாம் தம்பி நெளிந்தான். "அக்கா, அந்தச் சிரிப்ப பாருங்க. மனசுல என்ன இருந்தாலும் கஸ்டமர் முன்னால வாயில நிக்குமே, அது. நானும் அப்படித்தான் சிரிக்கிறேன்னு இப்பதான் தெரியுது" என்றான்.

தர்ஷனா ராஜேந்திரனும் பிரமாதம். கணவனைப் பார்க்கிற அவருடைய பார்வை காட்சிக்குக் காட்சி ஆறிப்போகிறது, நாம் கவனிப்பதற்குள் வேறு பெண்ணாகிவிடுகிறார். ஒரு குறை உண்டு. கதை வந்தவர்களின் கண்ணால் போவதால் அடிபட்ட பிள்ளைகள் யார், எவர் என்று நமக்கு அதிகம் தெரிவதில்லை. அந்தப் பையன்களின் வயதில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். அந்த ஆதங்கம் போகவில்லை.

வெள்ளவத்தைக் கடைப்பையன், ஊர் பொகவந்தலாவை:

'மெய்யழகன்'. கார்த்தி யார், என்ன பெயர் என்று கடைசிவரை பிடிபடாமல் அரவிந்த் சாமி தவிக்கிறாரே, அது எனக்கு நடந்திருக்கிறது. திருவிழாவுக்குப் போன இடத்தில் ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு, ரொட்டியும் கட்டச்சம்பலும் ஊட்டாத குறையாகத் தந்து, பஸ்ஸுக்கும் ஏற்றிவிட்டார். பெயர் இன்னும் ஞாபகம் வரவில்லை. படம் பார்த்த இரவு வீட்டுக்கு எடுத்துக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். வெட்கமாக இருந்தது, வைத்துவிட்டேன். நடிப்பில் என் ஓட்டு அரவிந்த் சாமிக்கு.

தப்புச் சத்தம், மஸ்கெலியா:

'ஜமா' பார்க்காதவர்கள் பாருங்கள். பாரி இளவழகன் தானே இயக்கி, தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டுகிற கல்யாணமாக நடித்திருக்கிறார். இசை இளையராஜா.

எங்கள் மாமா, மதன் (மன்மதன்) எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்தில் பதினெட்டு வருடம் அவன் மனைவி ரதியாக வேடம் கட்டியவர். மாசியில் கம்பம் நட்டதும் கவிச்சி தொடமாட்டார். மதனை எரித்த பிறகு அவர் வைக்கிற ஒப்பாரிக்குப் பக்கத்து டிவிசனிலிருந்தெல்லாம் ஆள் வரும். அவரை உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன். முதலில் குறைதான் சொன்னார்: தாளம் வேறு, கட்டு வேறு, நம்ம அடவு இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போய், நடையையும் கையசைவையும் பார்த்து வேண்டாம் என்கிறார்களே, அங்கேதான் அமைதியானார்.

"சேல கட்டுறது பெரிசில்லடா. அவுத்ததுக்கப்புறம் நடை போகணும்ல. அது போகாது" என்றார். அத்தையைக் கட்டுவதற்கு முன்னால் மூன்று வீட்டில் அவரை வேண்டாம் என்று சொன்னது அன்றுதான் எனக்குத் தெரியும். அத்தை உள்ளேயிருந்து, "நாலாவது வீட்டுல நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

வாத்தியார் தாண்டவமாக வருகிற சேத்தனை மாமா படம் முடியும்வரை திட்டிக்கொண்டே இருந்தார். அதைவிடப் பாராட்டு அவருக்கு எதற்கு?

மடுவத்துக்காரன், கொட்டகலை:

அத்தைக்குத்தான் முதல் பரிசு. அம்மாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். டிராக்டர் ஓட்டுகிற பொம்பளை படத்தைப் போடச் சொல்கிறார். அதில் பிள்ளைகள் யாரும் பட்டினி கிடக்கமாட்டார்களே என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். டேட்டா கார்டு வாங்கக் கடைக்குப் போகிறேன்.