மடியில் கிடத்தி வாசிக்கும் கிடார்: நேரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்கிவிடுகிறேன். வேலை நிமித்தமாகக் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் மூன்று ஆண்டுகள் குடியிருந்தேன். மாலையானால் மாடி வீட்டிலிருந்து ஓர் இழைப்பு இறங்கி வரும். தாகூரின் பாடல்களான ரவீந்திர சங்கீதம் என்று தெரிந்தது, வாத்தியம்தான் பிடிபடவில்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் படியேறிவிட்டேன்.

வங்காளப் பெரியவர் ஒருவர். மடியில் கிடார் மல்லாந்து கிடந்தது. இடது கையில் விரல் நீளத்துக்கு ஓர் எஃகுக் கட்டை. அதைத் தந்திகளின்மேல் வைத்து நகர்த்துகிறார், அவ்வளவுதான். என்னிடமும் கொடுத்துப் பார்த்தார். சிலேட்டில் ஆணியால் கீறிய சத்தம் வந்தது. “அழுத்தாதீர்கள், கட்டையின் கனமே போதும்” என்றார். அடுத்த நொடி அது நழுவி என் கால் கட்டைவிரலில் விழுந்தது. கனம் போதுமானதுதான்.

இந்த ஹவாய் கிடாரை வாசித்த டாவ் மோயே என்ற கலைஞரைப் பற்றி முதலில் சொன்னவர் அவர்தான். 1908இல் சமோவாவில் பிறந்து, ஹவாயின் லாயியே ஊரில் வளர்ந்தவர். மனைவி ரோஸுடன் கச்சேரிக் குழுவொன்றில் ஆசியாவுக்குக் கிளம்பி, 1929இல் டோக்கியோவில் இசைத்தட்டுகள் பதிந்தார். 1940களில் சில ஆண்டுகள் கொல்கத்தாவாசி. அரை நூற்றாண்டுக்கு மேல் ஊர் ஊராக வாசித்துவிட்டுத்தான் லாயியே திரும்பினார். எனக்குப் பிடித்த கட்டம் அதற்குப் பிறகு வருவது. அமெரிக்கக் கிடார் கலைஞர் பாப் பிராஸ்மனுக்கு, இசைத்தட்டு ஒன்றை அனுப்பச் சொல்லி ஒரு முதியவரின் கடிதம் வருகிறது. தான் போற்றிவந்த 1929 பதிவுகளில் வாசித்தவரே அவர் என்று பிராஸ்மனுக்குப் புரிகிறது. அந்தப் பழைய பாடல்களை அவர்கள் மறுபடி பதிந்த தொகுப்பு 1989இல் வெளியானது, ரோஸும் பாடியிருக்கிறார்.

*

லாயியே என்றதும் எழுதத் தோன்றியது. மகனைப் பார்க்க ஹவாய் போனபோது அந்த ஊர் வழியாகச் சென்றோம். அன்னாசியைப் பற்றி அரை மணி நேரம் பேசிய வழிகாட்டி, ஜோசப் கெகுக்குவைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்த வாசிப்பு முறையையே உருவாக்கியவர் என்று கொண்டாடப்படும் கெகுக்கு அந்த ஊர்க்காரர். சிறுவயதில் ரயில் பாதையோரம் கிடந்த போல்ட்டை எடுத்துத் தந்தியில் இழைத்துப் பார்த்தார் என்பார்கள். கதையோ நிஜமோ, பிறகு பள்ளிப் பட்டறையில் எஃகுக் கட்டை செய்துகொண்டார். 1904இல் ஹவாயை விட்டுக் கிளம்பி அமெரிக்கா, ஐரோப்பா எங்கும் வாசித்து, 1932இல் நியூ ஜெர்சியில் கண்மூடினார்.

*

முதல் பதிவு எழுதியவன்தான். போல்ட் கதையைப் பெரியவரிடம் தொலைபேசியில் சொன்னேன். “உங்கள் கால்விரல் இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.